கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் ஆளை வெட்டவும்

அன்பு மைத்துனன் அழகுபாண்டிக்கு,

எழுமலைப் பக்கமிருந்து உன் அக்காள் புருஷன் முத்திருளன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே அம்மன் புண்ணியத்தில் நான், உன் அக்காள் கனகலட்சுமி, மாடு கன்று எல்லாம் சௌக்கியம். உசிலம்பட்டியில் நீயும், உன் பெண்டாட்டி பிள்ளைகளும், உன் லோக்கல் சேனலும், தெருத்தெருவாய்த் தொங்கும் உன் கேபிள் வயர்களும் அதேபோல் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

போன் இருக்கும்போது மச்சான் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று சிரிப்பாய். என் போன் ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசுகிறது. நான் பேசினால் நாலு வீட்டுக்காரர்கள் பதில் சொல்கிறார்கள். நேரில் வரவும் முடியாது, காரணம் கீழே வருகிறது. அதனால் பால்வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் கிழித்துப்போடு.

முதலில் நன்றி. பெண்பிள்ளைகள் ஆடும் பள்ளிக்கூட ஹாக்கிப் போட்டியை டிவியில் போடலாம் என்று உனக்குத்தான் தோன்றியது. சாயங்கால சீரியலை நிறுத்திவிட்டு அதைப் போடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். முதல் நாள் உன்னைத் திட்டாத பெண்கள் இந்த ஊரில் இல்லை. உன் அக்காளும் திட்டினாள், சொல்லிவைக்கிறேன். மறுநாள் அதே பெண்கள் கோயில் பந்தலில் திருவிழாவுக்காகக் கட்டிய பெரிய திரைக்கு முன்னால் துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். அதற்குக் காரணம் பாதி, கோல் காக்கும் நம் பாப்பா பவதாரிணி, மீதிப் பாதி நீ வர்ணனைக்குப் பிடித்துப்போட்ட விருமாண்டி அண்ணன். அவர் ஜல்லிக்கட்டு வாசலில் மைக் பிடிக்கிறவர், ஹாக்கி மட்டையை அதற்கு முன் கண்ணால் கண்டதில்லை என்று மைக்கிலேயே சொன்னார். இரண்டு பிள்ளைகள் ஒரே பந்துக்கு ஓடினால், "ஒருத்தரு மட்டும் புடிங்கப்பா, ரெண்டு பேரு சேந்து அணையக் கூடாது" என்றார். பந்து கோலுக்குள் போனால், "மாடு ஜெயிச்சிருச்சு" என்றார். நம் பாப்பா தடுத்தபோதெல்லாம், "மாடு பிடிபட்டுச்சு, புள்ளைக்கு ஒரு சில்வர் அண்டா" என்று அறிவித்தார். யார் சார்பில் என்று மட்டும் சொல்லவில்லை. ஒரு அண்டாவும் வரவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் கல்யாணத்துக்கு இரவல் கேட்டு வருகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் அக்கினிச்சட்டி எடுக்கும் முறை எங்கள் வகையறாவுக்கு, எடுக்கிறவன் நான். காப்புக் கட்டியவன் திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உனக்கும் தெரியும். தாண்டியது தெரிந்தால் சட்டியை வேறு வகையறா கைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த வருஷம் ஊரில் எந்தக் கெடுதல் நடந்தாலும் அவன் தலையில்தான் விழும். பாப்பா காப்புக்கு முந்தியே டீச்சரோடு உசிலம்பட்டி போய்விட்டாள். ஃபைனலுக்கு முந்தின நாள் போன் போட்டாள்.

"அப்பா, நாளைக்கு வாரீங்களா? எல்லாரு வீட்லயும் வாராங்க."

"காப்பு கட்டிருக்கேன்ல தாயி, எப்புடி வருவேன்?"

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சத்தம் போட்டுவிட்டு உறங்கியிருப்பேன். சரிப்பா என்று சொன்னதுதான் மனதைப் போட்டுப் பிசைந்தது. இம்புட்டு நாள் அவள் ஆடி ஒரு ஆட்டத்தைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஒரு தடவை உழவு, ஒரு தடவை அறுப்பு, ஒரு தடவை டிராக்டர் ரிப்பேர், இப்போது அம்மன்.

போனேன் மாப்ள. ஃபைனல் தொடங்கியதும் ஊர் மொத்தமும் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. எல்லைக் கல்லில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் கேள்வி கேட்கும் பெருசுகள்கூட அங்கேதான். நீ ஒளிபரப்பாமல் இருந்திருந்தால் நான் நழுவியிருக்கவே முடியாது, அதற்காகவும் தனியாக ஒரு நன்றி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வாரேன் என்று உன் அக்காளிடம் சொல்லி, உன் கல்யாணத்துக்கு எடுத்த முழுக்கைச் சட்டையைப் போட்டு, காப்பு தெரியாமல் கைப்பொத்தானை மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, விரதத்தில் செருப்புப் போடாததையாவது காப்பாற்றுவோம் என்று வெறுங்காலோடு ஓடைப்பாதையில் நடந்து, எல்லையைத் தாண்டும்போது அம்மனிடம், "தாயி, நீயும் பொம்பளப் புள்ளதான, கொஞ்சம் கண்ண மூடிக்க" என்று கேட்டுக்கொண்டு, மெயின் ரோட்டில் ஒரு வெங்காய வண்டியில் மூட்டையோடு மூட்டையாக ஏறி, மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது ஆட்டம் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

தெரிந்தவர்கள் யாரும் கண்ணில் படாத இடமாகத் தேடி, பாப்பா காவல் நின்ற கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியோரமாக நின்றேன். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கூப்பிடு தூரம்தான், கூப்பிடவில்லை. நம் பிள்ளைகள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். முடியப்போகும் நேரத்தில் எதிர் அணிக்குப் பெனால்ட்டி ஸ்ட்ரோக் கொடுத்தார்கள். அதாவது ஒருத்தி தனியாக வந்து நின்று அடிப்பாள், நம் பாப்பா தனியாக நின்று தடுக்க வேண்டும், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம். அந்தப் பிள்ளை அடித்தாள். பாப்பா இடது காலை நீட்டினாள். பந்து காலில் பட்டு வெளியே போனது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை, அதற்குள் கூட்டாளிகள் ஓடிவந்து அவள்மேல் விழுந்துவிட்டார்கள். விளக்கு வைப்பதற்குள் ஊருக்குள் இருக்க வேண்டுமே என்று நான் கிளம்பிவிட்டேன். அவள் பார்க்காததும் நல்லதுக்குத்தான். அவள் வாயில் ஒரு பேச்சு நிற்காது, உன் அக்காள் மாதிரி.

இங்கே வந்தால் சனங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சீரியல் விளக்கு கட்டியவன் அம்மனுக்கு இன்னும் நாலு பல்பு கூட்டுகிறேன் என்று எதையோ எதிலோ சொருகி, கடைசி நேரத்தில் ஃபியூஸ் போய்விட்டதாம். பாப்பா தடுத்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. கேட்டபடி அம்மன் கண்ணை மூடிக்கொண்டாள், கூடவே ஊர்க் கண்ணையும் மூடிவிட்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த நிம்மதி மறுநாள் காலைவரைதான். ஊர்க்கூட்டம் போட்டு உனக்குப் போன் செய்து, நாளைச் சாயங்காலம் அந்த ஆட்டத்தை முழுசாக மறுபடி போடச் சொல்லிவிட்டார்கள். நீயும், "ஸ்லோமோஷனோட போடுறேன்" என்று ஒத்துக்கொண்டாய். போதாததற்கு, "மச்சான், பாப்பா செஞ்ச வேலையப் பாருங்க" என்று அந்தக் காட்சியை மட்டும் என் போனுக்கு அனுப்பியிருந்தாய். மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

முன்னால் பாப்பா காலை நீட்டுகிறாள். பின்னால் ஒருவன் குதிக்கிறான். தலைத்துண்டு பறந்துவிட்டது, சட்டைக்கை முழங்கைவரை ஏறிவிட்டது, மஞ்சள் காப்பு பளிச்சென்று தெரிகிறது. நீ அதை மூன்று தடவை மெதுவாக ஓட்டியிருக்கிறாய். முதல் தடவை குதிக்கிறேன், இரண்டாம் தடவை இன்னும் நிதானமாகக் குதிக்கிறேன், மூன்றாம் தடவை கீழே இறங்கவே மாட்டேன் போலிருக்கிறது. உன் கண்ணில் நான் படவில்லை, மருமகளைத்தான் பார்த்திருக்கிறாய், அது முறைதான். பயத்தில் அப்போதே அந்த வீடியோவை அழித்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஊரில் எது நடந்தாலும் எனக்குப் பகீர் என்கிறது. மைக் செட் குழாய் ஒன்று வெடித்தது. பெரிய பூசாரிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு முளைப்பாரியை ஆடு தின்றுவிட்டது. ஊர் அந்த ஆட்டைத் திட்டுகிறது, நான் ஆட்டின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரிகிறேன். அதனால் மாப்ள, அந்தப் பின்னால் நிற்கும் ஆளை எப்படியாவது வெட்டிவிடு. வெட்டினால் பாப்பாவும் சேர்ந்து போவாள் என்றால், ஏதாவது ஜவுளிக்கடை விளம்பரத்தை என் தலைமேல் ஒட்டிவிடு. அதுவும் முடியாது என்றால், கடைசிப் பகுதி பதிவாகவில்லை, கேமரா கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடு. ஊர் உன்னை இரண்டு நாள் திட்டும், தாங்கிக்கொள். உனக்கு அது பழக்கம்தான்.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியில்லாமல், உன் சேனல் புள்ளி விழாமல் தெரிய, அம்மன் துணை நிற்பாள். உன் பெண்டாட்டிக்கு என் விசாரிப்பைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் மச்சான் முத்திருளன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் பாப்பா வந்துவிட்டாள். கோப்பையை டிவி பக்கத்தில் வைத்தாள். தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. எல்லோரிடமும் பேசினாள், என்னிடம் பேசவில்லை. உன் அக்காள் ஏன் என்று கேட்டதற்கு, அம்புட்டுப் பேர் முன்னாலேயே, "எல்லாப் புள்ளைக அப்பாவும் வந்தாங்கம்மா. நான் யாரத் தேடுறதுன்னுதான் திரும்பியே பாக்கல" என்றாள். கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், வந்தேன் தாயி, உனக்குப் பின்னாலதான் நின்னேன் என்று மெதுவாகச் சொன்னேன். "சும்மா சொல்லாதீங்கப்பா, காப்பு கட்டிட்டு எப்புடி வருவீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பெரிய மனுஷி மாதிரி எனக்குச் சமாதானம் சொன்னாள். அந்த வீடியோவைப் போனில் மறுபடி அனுப்பினால் போதாதா என்று நீ கேட்கலாம். போதாது, அவள் ஊர் முன்னால் அல்லவா சொன்னாள். அதனால் மேலே எழுதியதை விட்டுவிடு. ஒன்றையும் வெட்டாதே, எதையும் ஒட்டாதே. மூன்று தடவை ஓட்டியதை இன்னும் இரண்டு தடவை சேர்த்து ஓட்டு. ஊருக்கும் அம்மனுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்கப்போகிறேன்.