பட்டைக்கு அடியில் ஈரம்

என் தங்கை பெற்ற தங்கமே, அருமை மருமகளே,

உன் தாய்மாமன், இந்தக் குடும்பத்தில் திருப்புளி பிடிக்கத் தெரிந்த ஒரே ஆண்மகன், ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம், அதாவது சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். உன் தம்பி சின்னவனின் மோட்டார் சைக்கிள் மட்டும் சுகமில்லாமல் கிடந்து, இப்போது என் கைராசியால் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம்தான் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, தொடக்கத்திலிருந்து கடைசிவரை என்னைத் திட்டுவதற்கே தாள் போதவில்லை.

"மாமா, நான் வண்டிக்குப் பட்டை வாங்கி அனுப்புறேனா, இல்ல பட்டை திங்கிற ஜந்து எதையாவது வளர்க்கிறேனா?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. பழைய வண்டிகளைக் கண்ணாடிக் கூடத்தில் நிறுத்தி வைத்திருக்கும் அந்தச் சேகரிப்புக்காரர் வருகிற முதல் தேதி வண்டியை எடுத்துப்போக வருகிறார், டேங்க்கில் துரு இருந்தால் தொடமாட்டார், அவர் எடுக்காவிட்டால் பழைய இரும்புக் கடைதான், எப்படியானாலும் முதல் தேதிக்குமேல் அது அம்மா கண்ணில் படக் கூடாது, அது போனால்தான் அம்மா அந்த வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்து இருப்பாள் என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். ஒரு கோடு போட்டிருந்தாலே நான் ஒத்துக்கொண்டிருப்பேன். பதினாலு மாதமாக அவள் அடுப்படிக்கும் வண்டி நிற்கிற அந்தத் தகரக் கொட்டகைக்கும் நடுவில்தான் நடக்கிறாள். வேறெங்கும் போகவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். உன் தம்பி காய்ச்சலில் ஐந்தே நாளில் போனான். அவன் போன பத்தொன்பதாம் நாள் அவன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. "கையெழுத்துப் போடணும், ஆள் இருக்காரா?" என்றார் தபால்காரர். உன் அம்மா உள்ளே போய்ப் பேனா எடுத்துவந்து, அவன் பெயரையே எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்த்தால் இரண்டு குரோம் பட்டை. பெட்ரோல் டேங்க்கின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பற்றவைத்த தையல் வெளியே தெரியாமல் மூடுகிற பட்டை, பக்கத்துக்கு ஒன்று. இரண்டு வருடமாக அந்தக் கிழட்டு வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்த்தவன் கடைசியாகக் காத்திருந்தது அதற்குத்தான். "நான் மாட்டிக் காட்டுறேன்" என்று மார்தட்டினேன். தட்டாமல் எப்படி இருப்பது? துறைமுகத்தில் நான் இருந்த காலத்தில் கப்பல்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பும். வாசலில் நின்று சீட்டுக் கிழித்தேன் என்று உன் அத்தை சொல்லுவாள், அவள் கிடக்கிறாள்.

முதல் ஜோடியை அரைமணி நேரத்தில் ஏற்றிவிட்டேன். கட்டைச் சுத்தியால் செல்லமாகத் தட்டினேன், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதன் அழகைப் பார்க்கத் தெருவே வந்தது, அதாவது இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் மின்கணக்குப் பார்க்க வந்தவர். ஒன்றரை மாதத்தில் பட்டை ஓரமாக டீக்கறை போல ஒரு கோடு. முனையில் இருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன், அவனுக்கு ஸ்பேனர் என்றுதான் பெயர், மனிதர்களையும் அப்படித்தான் திருகுவான். பட்டையைக் கழற்றி ஓரத்தை விரலால் தடவினான், விரலில் ரத்தம் வந்தது. "வெட்டுன ஓரத்தை அரம் போட்டு மழுக்காம ஏத்துனா அது பெயிண்ட்டைக் கிழிக்காம கொஞ்சுமா பெரியவரே?" என்றான். பெயிண்ட் கிழிந்த இடத்தில் வெறும் தகரம், வெறும் தகரத்தில் காற்று, காற்றில் ஈரம், அப்புறம் துரு. இதை நான் முன்பே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

கழற்றும்போது உன் தம்பி வாங்கிய பட்டை இரண்டும் வளைந்துவிட்டதால் நீ வேறு ஜோடி அனுப்பினாய், வந்து சேர மூன்று மாதம், ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். இந்த முறை நான் மூளையை உபயோகித்தேன், அதுதான் தப்பாகப் போயிற்று. ஈரம்தானே எதிரி, உள்ளேயே நுழையாமல் அடைத்துவிட்டால்? குளியலறை ஓரங்களில் பூசுகிற வெள்ளைப் பசை ஒரு குழாய் வீட்டில் இருந்தது. முழுக் குழாயையும் பட்டைக்குள் பிதுக்கி ஏற்றினேன். கொட்டகை முழுக்க இரண்டு நாள் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி புளிப்பு வாடை. பூனை கூட வீட்டை விட்டுப் போய்விட்டது. மூன்றாம் வாரம் பெயிண்ட் அப்பளம் மாதிரி குமிழ் விட்டது. குமிழை அழுத்தினால் சிவப்புத் தண்ணீர். ஸ்பேனர் சிரித்த சிரிப்பில் அவன் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. "டைல்ஸுக்குப் போடுறத டேங்க்குக்குப் போட்டிருக்கீங்க. புளிச்ச வாடை வந்துச்சுல்ல, அது ஆசிட்டு. காயுற வரைக்கும் தகரத்தைத் தின்னுக்கிட்டே இருக்கும். நீங்க துருவுக்கு விருந்து வச்சு, கதவையும் பூட்டிட்டு வந்திருக்கீங்க!" நான் எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன், ஒரு தடவை படித்தவர்களைவிட மூன்று பங்கு தெரிந்தவன், ஆனால் அந்த மூன்று தடவையிலும் இந்தப் பாடம் வரவில்லை.

மூன்றாவது ஜோடிக்கு ஸ்பேனரே கூட நின்றான், அதாவது நான் செய்தேன், அவன் கையை உபயோகித்தேன். துருவை உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, துரு மாற்றும் மருந்து தடவி, பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் அடித்து, பெயிண்ட் இறுகப் பத்து நாள் தொடாமல் வைத்து, பட்டை ஓரங்களைக் குழந்தை வாயில் வைத்தாலும் வெட்டாதபடி அரம் போட்டு, உள்பக்கம் கெட்டி மெழுகு பூசி, சுத்தியே இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தி ஏற்றினோம். "இனி துருப்பிடிச்சா என் பேரை மாத்திக்கிறேன்" என்றான் ஸ்பேனர். ஏழு வாரம். அதே டீக்கறை. அவன் நெடுநேரம் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, "இது வேலைக் குறை இல்ல பெரியவரே. மெழுகையே அரிச்சு எடுத்திருக்கு. இங்க தண்ணி நிக்குது. எப்பவோ ஒருநாள் இல்ல, தினமும் நிக்குது" என்றான்.

தினமும் தண்ணீர் எங்கிருந்து வரும்? விசாரணையை நான் ஏற்றுக்கொண்டேன். முதலில் கூரை மீது சந்தேகம். ஏணி போட்டு ஏறினேன், தகரம் என் கனத்தைத் தாங்காமல் இடது கால் உள்ளே இறங்கிவிட்டது. கீழே இருந்து உன் அம்மா நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, செருப்பு மட்டும் வந்திருக்கு, நீ எப்ப வர்ற?" என்றாள். பதினாலு மாதத்தில் அவள் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது, அதற்காகவே இன்னொரு காலையும் விட்டிருக்கலாம். கூரையில் நான் போட்ட ஓட்டையைத் தவிர வேறு ஓட்டை இல்லை. அடுத்து மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா. ஈரத்துணியைச் சன்னலில் காயப்போட்டுச் சொட்டவிடுகிறாள் என்று படியில் நின்று சத்தம் போட்டேன். "ஐயா, நான் தைக்கிறவ, துவைக்கிறவ இல்ல. என் துணி காயுறது அந்தப் பக்கம். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்லமாட்டேன்" என்று சன்னலைச் சாத்திக்கொண்டாள். குற்றம் செய்யாதவள் எதற்குச் சன்னலைச் சாத்த வேண்டும்? நீயே சொல். நடுவில் உன் அம்மா, "நான் தினமும் நல்லா துடைச்சுதானே வைக்கிறேன்" என்றாள். தூசி தட்டுவதைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள் என்று நான் தண்ணீர்க்குழாயைத் தோண்டப் போய்விட்டேன்.

கடைசியில் தீர்ப்பு: குற்றவாளி பட்டைதான். மட்ட இரும்பில் மேலே குரோம் பூச்சு பூசி உன்னை ஏமாற்றியிருக்கிறார்கள். நேற்று நான்காவது ஜோடியை ஏற்றியாயிற்று, முகம் பார்த்துத் தலை வாரலாம். யாரும் கை வைக்காமல் மெழுகு இறுகட்டும் என்று இன்றைக்கு நான் இங்கேயே படுக்கிறேன், நாளைக்கு இதைத் தபாலில் சேர்த்துவிடுவேன். ஆகவே சேகரிப்புக்காரரை முதல் தேதி தைரியமாக வரச் சொல். உன் அம்மாவிடமும் பக்குவமாகச் சொல்லிவிட்டேன், இந்த மாதிரி விஷயத்தைச் சொல்ல என்னை விட்டால் ஆள் ஏது. "சரிண்ணே" என்றாள். கொஞ்சம் கழித்து, "அங்க தினமும் யாராவது பாத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். "அந்தக் கூடத்துக்குள்ள தூசியே சீட்டு வாங்கிட்டுத்தான் நுழையணும், யாரும் தொடவே மாட்டாங்க" என்று சொன்னேன். அதற்கும் சரி என்றாள். அவ்வளவுதான், முழுச் சம்மதம். இரண்டாம் தேதி அவளை வண்டி ஏற்றி உன்னிடம் அனுப்பவேண்டியது என் பொறுப்பு. இது உன் மாமன் வாக்கு, சுத்தியால் அடித்தாலும் வளையாது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். குழந்தைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தம், மூத்தவனுக்கு மட்டும் ஒன்று, அவன் போன தடவை என்னைத் தாத்தா என்று கூப்பிட்டான். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாகக் காய்ச்சல் இல்லாமல், நூறு வருடம் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் பெரிய மாமா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து, தபால் நிலையத்தில் கயிறு கட்டிய பேனாவால் எழுதுகிறேன். கயிறு குட்டை, அதனால் எழுத்து சாய்ந்திருக்கும். மேலே எழுதியதில் உன் தம்பி போனதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அடித்துவிடு.

இன்று விடிந்ததும் பல் தேய்க்கப் பின்பக்கம் போனேன். கொட்டகையில் உன் அம்மா தார்ப்பாயை எடுத்துவிட்டு, ஒரு வாளி தண்ணீரும் மக்குமாக அந்த வண்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முன்விளக்கின் மேல் ஒரு கையை வைத்து மறைத்துக்கொண்டு ஊற்றினாள். பிறகு துணியின் நுனியை நனைத்து விரல் நகத்தில் சுற்றி, நான் நேற்று ஏற்றிய பட்டைக்கு அடியில் விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தாள். "காதுக்குப் பின்னாடி காட்டுடா. எப்பப் பாரு அங்கதான் அழுக்கு" என்றாள். அழவெல்லாம் இல்லை. அதட்டினாள். அப்புறம் அவனுடைய நீலத் துண்டால் ஒரு சொட்டு விடாமல் துடைத்தாள். பட்டைக்கு அடியில் மட்டும் துண்டு போகாது.

தினமும் நிற்கிற தண்ணீர் அதுதான். கூரை இல்லை, பட்டை இல்லை, தையல்காரம்மா இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நீ ஒரு வரி எழுதிப் போட்டுவிடு, எனக்கு அதில் பழக்கமில்லை.

என்னைப் பார்த்துவிட்டாள். "என்னண்ணே மரம் மாதிரி நிக்குற, அந்த மக்கை எடு" என்றாள். தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பச்சத்தண்ணியா ஊத்துறே?" என்றுதான் வந்தது. அடுப்படிக்குப் போய் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து வாளியில் கலந்தேன். அவள் புறங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, சூடு அதிகம் என்று இன்னும் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் விட்டாள். வெந்நீர் பட்ட தகரம் கொஞ்சம் சீக்கிரம் காயும். துருவைத் தடுக்க அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது, தங்கமே.

அந்தக் கண்ணாடிக் கூடத்துக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. அம்மாவை நீ கூட்டிக்கொள்ளத்தான் வேண்டும், அவள் தனியாக இங்கே இருக்கக் கூடாது, அதில் மாற்றமில்லை. ஆனால் உன் வீட்டில் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்து, உடனே பதில் எழுது.