பொத்தான் அண்ணன் எடுத்த புடவை

கள்ளக்குறிச்சியில் பொத்தான் அண்ணனிடம் திட்டு வாங்காத வெப்சைட் ஒன்று இருந்தால், அது இன்னும் செய்யப்படவில்லை என்று அர்த்தம்.

அவருக்குப் பார்வை கிடையாது. விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் கொடுப்பது தொழில். “ஆடித் தள்ளுபடி! ஆடித் தள்ளுபடி!” என்று சின்னசேலம் வரை அலறுவது அவர்தான். மைக் இல்லாமல் பேசினாலும் அதே சத்தம்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம், டீக்கடை மாடியில் இருந்த மூணு கம்ப்யூட்டர் ஆபீசில் வெப் டிசைனர். ஒரு புடவைக் கடைக்கு வெப்சைட் முடித்துக் கொடுத்த மறுநாள், குச்சியைத் தட்டிக்கொண்டு படியேறி வந்தார்.

“புடவைக் கடை வெப்சைட்டு பண்ணது யாருங்க?”

பெருமையாகக் கையைத் தூக்கினேன். பிரயோஜனமில்லை என்று உறைத்ததும், “நான்தாண்ணே” என்றேன்.

போனை எடுத்து மேசைமேல் வைத்தார். விரல் படுகிற இடத்தை வாய்விட்டுப் படிக்கிற போன். அது படித்தது: “பொத்தான். பொத்தான். பொத்தான்.”

“கேட்டியாம்மா? எந்தப் பொத்தான்? சட்டைப் பொத்தானா?”

பொத்தான்களில் வாங்குவதற்கு வண்டிப் படம், பிடித்ததற்கு இதயப் படம் என்று வைத்தேனே தவிர எதற்கும் பெயர் எழுதவில்லை. பாவம், போன் என்ன செய்யும்? அடுத்து புடவைப் படத்தின்மேல் விரலை வைத்தார். நான் மாற்றாமல் விட்ட போட்டோ ஃபைல் பெயரைப் போன் படித்தது: “ஐஎம்ஜி நாலு ஏழு மூணு ரெண்டு.”

“இதான் பொடவ பேரா? எந்த ஊரு நெசவும்மா இது?”

கீழே டீக்கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவர் பொத்தான் அண்ணன்.

மறுநாள் பத்து மணிக்கு மறுபடி வந்தார். ‘சிவப்புப் புடவை’ என்று எழுதி வைத்திருந்தேன்.

“எந்த சிவப்பு? மொளகாப்பழமா, செங்கல்லா? பத்து வயசு வரைக்கும் கண்ணு தெரிஞ்சவன் நான். எல்லா சிவப்பும் ஞாபகம் இருக்கு.”

ரோஷம் வந்து, அந்தி வானம் நாணிய கதையெல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு வரி எழுதினேன். பாதியிலேயே போனை நிறுத்தினார். “ஏம்மா, பொடவ வாங்க வந்தவன்கிட்ட கல்யாணப் பத்திரிகை படிச்சிக்கினு இருக்கியே!”

மூணாம் நாள் பணம் கட்டும் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். மெஷின் இல்லை, மனிதர்தான் என்று நிரூபிக்க, பஸ் இருக்கிற படங்களையெல்லாம் தொடச் சொன்னது.

“நம்ம பஸ் ஸ்டாண்டுல நின்னாலே எந்த பஸ்ஸுன்னு பக்கத்து ஆளைக் கேக்கறவன் நானு. நான் மனுசன்தான்னு என் ரேஷன் கார்டுலயே போட்டுக்கீதும்மா!”

எங்கள் ஆபீஸ் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “ஏங்க, பார்வை இல்லாதவங்களுக்குப் புடவைக் கடை சைட்டுல என்னங்க வேலை?”

பொத்தான் அண்ணன் குரல் முதல்முறையாக இறங்கியது. “கல்யாணமாகி பதினாலு வருசம் ஆச்சுங்க. எங்க வூட்டுக்காரிக்குத் தெரியாம ஒரு பொடவ வாங்கித் தரணும்னு ஆசை. கடைக்குப் போனாலும் அவதான் கூட வரணும். போன்ல வாங்கினாலும் அவதான் படிச்சிக் காட்டணும். அவளுக்குத் தெரியாம எப்பிடி வாங்கறது, சொல்லுங்க?”

முதலாளி என்னைப் பார்த்து, “சரிபண்ண எத்தனை நாள் ஆகும்?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு வாரம் ஆனது. பொத்தான்களுக்கெல்லாம் பெயர் வைத்தேன். பஸ் படங்களைத் தூக்கினேன். நூற்றுச் சொச்சம் புடவைகளையும் கடையிலிருந்து வரவழைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி எழுதினேன்.

பொத்தான் அண்ணன் மூலையில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டார். “யாரும் கிட்ட வரக்கூடாது, ஆமா!”

இருபது நிமிஷம். முதலாளி நகம் கடித்தார். நான் கடிக்க நகமே பாக்கியில்லை.

“ஆர்டர் போட்டாச்சு!” உளுந்தூர்பேட்டைக்குக் கேட்டிருக்கும்.

“என்ன கலருண்ணே?”

“சொல்ல மாட்டேன்.”

பத்து நாள் கழித்து மனைவியோடு வந்தார். அந்தம்மா கட்டியிருந்தது வாழைக்குருத்துப் பச்சை, அரக்கு பார்டர்.

“நானே எடுத்தேன்றாரு. நெசமாங்க?”

“நிஜம்தாங்க. நாங்க யாரும் கிட்டவே போகல.”

அந்தம்மா திரும்பி, நேராகவே இருந்த அவருடைய சட்டைக் காலரை இன்னொரு முறை நேராக்கிவிட்டார். அவர் வெட்கப்பட்டு, இல்லாத ஈயை விரட்டினார்.

இருவரும் கிளம்பினார்கள். எங்கள் மாடிப்படியில் மூணாவது படி உடைந்து கிடக்கும். அவர் கீழே போய்ச் சேரும் வரை மேலேயே நின்று பார்த்தேன். திரும்பினால் பின்னால் முதலாளியும் நிற்கிறார்.

மறுநாள் காலை நான் ஆபீசுக்குப் போனபோது, கொத்தனார் அந்தப் படியைப் பூசிக்கொண்டிருந்தார்.