நிறுவனர் ஹாரி ஐயா

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரியாததை யாரிடமும் கேட்க மாட்டேன். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுமே! கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பார்க்காமல் ஏறி, வடக்கனந்தலுக்குப் பதில் மணலூர்பேட்டையில் போய் இறங்கி, "ஆத்தப் பாக்கத்தான் வந்தேன்" என்று கண்டக்டரிடமே சாதித்தவள் நான். (ஆற்றில் அன்று சொட்டுத் தண்ணீர் இல்லை.)

இந்தத் தகுதியோடுதான் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனேன். விசா இழுத்தடித்ததில், வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் கழித்துத்தான் போய்ச் சேர முடிந்தது. போன மறுநாளே பதிவுக்குக் கடைசி நாள். பாஸ்போர்ட், அசல் சர்டிபிகேட் எல்லாவற்றோடும் மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் நிற்க வேண்டும். தவறினால் இடம் போச்சு, திரும்பி ஊருக்கு வர வேண்டியதுதான். ஊரிலோ, "கடல் கடக்கும் எங்கள் கல்விப் புயலே!" என்று என் படம் போட்டுக் கட்டிய பேனரை இன்னும் அவிழ்க்கவில்லை. அதன் கீழேதான் பெட்டியோடு போய் இறங்க வேண்டும்.

அன்று மதியம் புது மாணவர்களுக்கு விருந்து என்று மெயில் வந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு அப்படியே பதிவுக்குப் போகலாம் என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு ஹால். வாசலில் கார்கள், உள்ளே கூட்டம், மேசை நிறையத் தீனி. நம்மூரில் பந்தல் போட்ட இடத்தில் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டா நுழைகிறோம்? நேராக உள்ளே போய்விட்டேன்.

எல்லாரும் கறுப்பு உடை. கல்லூரி யூனிஃபார்ம் என்று முடிவு செய்தேன். (நான் மட்டும் மாம்பழ நிறத்தில் சுடிதார்.) இரண்டு சாண்ட்விச், ஒரு துண்டு கேக் சாப்பிட்டபின் நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஒரு பெரியவரின் பெரிய படம், சுற்றிலும் பூ. உடனே புரிந்துவிட்டது: நிறுவனர்! நம் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் எதில் விழா நடந்தாலும் முதல் பூ நிறுவனர் படத்துக்குத்தானே? வெள்ளைக்காரர்களுக்கும் இந்த மரியாதை தெரிந்திருப்பதில் எனக்கு ஒரே பூரிப்பு. செருப்பைக் கழற்றினேன். ஃபைலைப் படத்தின் கீழே வைத்து, "ஐயா, நல்லபடியா படிச்சு முடிக்கணும்" என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தால் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், கண் கலங்கி நின்றார்.

"ஹாரியை உனக்கு எப்படித் தெரியும்?"

"அவரைத் தெரியாதவர் உண்டா? எங்கள் ஊரில்கூட அவர் பெயர் பிரபலம்."

"இந்தியாவிலா? அவர் இந்த ஊரைத் தாண்டியதே அபூர்வமாயிற்றே!"

"நல்ல பெயர் தானாகப் பரவும்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்து மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மைக்கைக் கண்டால் நமக்குச் சொல்ல வேண்டுமா? பேசினேன்: "இன்று என் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான நாள். உங்கள் முகத்திலும் அதே மகிழ்ச்சியைப் பார்க்கிறேன். ஹாரி ஐயா போன வழியிலேயே நாம் எல்லாரும் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்!"

கைதட்டலுக்குக் காத்திருந்தேன். ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன சாண்ட்விச்சை அந்தரத்தில் நிறுத்தியிருந்தார். சங்கடத்தில் தலையைக் குனிந்தேன். மைக் பக்கத்தில் ஓர் அட்டை. அதே பெரியவர் படம், அடியில் இரண்டு தேதிகள். நம்மூர் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் தோற்றம், மறைவு என்று போடுவார்களே, அந்த இரண்டு தேதிகள்.

அடக் கடவுளே, எழவு வீடு!

எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. அன்று நான் முறையாகச் செய்த காரியங்கள் இவை இரண்டுதான். ஒரே ஓட்டமாக ஹாஸ்டல் வாசலுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடி, காலேஜில சேந்துட்டியா?"

"ம்மா, தெரியாம எழவு வூட்டுக்குள்ள பூந்துட்டேன்."

"அடிப் பாவி! அங்க ஒண்ணும் சாப்புடலியே?"

"ரெண்டு சாண்ட்விச்சு, ஒரு கேக்கு."

"கேக்கு வேறயா! தலைக்கு ஊத்தாம உள்ள கால வச்சிராத, சொல்லிட்டேன்!"

குளியலறையோ உள்ளே இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைத் திறந்து, போட்டிருந்த சுடிதாரோடு தலையில் பிடித்துக்கொண்டேன். அந்த ஊர்க் குளிரில் பல் தந்தியடித்தது. எட்டிப் பார்த்த ஹாஸ்டல் மேனேஜரிடம் "எங்கள் ஊர் வழக்கம்" என்றேன். (அன்று வெள்ளைக்காரர்களிடம் நான் சொன்ன முதல் உண்மை.) துவட்டிக்கொள்ளத் துண்டு தேடியபோதுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. ஃபைல்! மணி மூன்றே கால்.

மறுபடி போன். "ம்மா, சர்டிபிகேட்ட அங்கியே வச்சிட்டு வந்துட்டேன்."

"எழவு வூட்டுக்குத் திரும்பிப் போவக் கூடாதுடி!"

அப்பா போனைப் பிடுங்கினார். "சாங்கியத்தப் பாத்துக்கினு இருந்தா படிப்பு பூடும். நீ ஓடு பாப்பா! குளிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

"குளிச்சிட்டேன்பா."

"அப்போ இன்னொரு வாட்டி குளி!"

அந்த ஓட்டத்தில்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ஹாலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். படம் இல்லை, மேசை காலி. மேசைக்கு அடியில்கூடக் குனிந்து தேடினேன். அப்போது கதவருகே அந்த அம்மாள், என் ஃபைலை மார்போடு அணைத்தபடி நின்றார்.

ஓவென்று அழுதுவிட்டேன். "எனக்கு அவரைத் தெரியாது. யார் வீட்டு விசேஷம் என்றுகூடக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள்." தெரியாது என்று நான் வாய்விட்டுச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த அம்மாள் திட்டவில்லை. சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஹாரியும் உன்னைப் போலத்தான். யாரிடமும் வழி கேட்க மாட்டார். எங்கள் தேனிலவே தப்பான ஊரில்தான் நடந்தது!"

நான்கு மணிக் கெடுவைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. சொட்டச் சொட்ட நின்ற எனக்கு, காரில் கிடந்த ஹாரியின் கட்டம்போட்ட கோட்டை எடுத்துப் போட்டுவிட்டார். கடைசிவரை ஹாரிதான் ஓட்டுவாராம், இவர் பக்கத்து சீட். இப்போது இவரே காரை எடுத்தார். எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் கண்ணாடியை இறக்கி வழி கேட்டார். "இனிமேல் கேட்டுக்கொண்டே போகலாம்" என்றார். நான் அவர் தோளைத் தொட்டேன்.

நான்கு அடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது பதிவு முடிந்தது. ஈரத்தலை, தொளதொளத்த ஆம்பளைக் கோட்டு, அதுதான் என் மாணவர் அடையாள அட்டைப் படம். வீடியோ காலில் அம்மா கேட்டாள், "கோட்டு ஆருதுடி?" சொன்னேன்.

"அவரு எழவுல சாப்புட்ட. அவரு துணியப் போட்டுக்கின. அப்புறம் இன்னா, அவரும் நம்ம வூட்டு மனுசன்தான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தை அமாவாசைப் படையலில் முன்னோர்களோடு ஹாரி ஐயாவுக்கும் ஓர் இலை உண்டு. அவருக்கு என்ன பிடிக்கும் என்று அந்த அம்மாளிடம் கேட்கச் சொன்னாள் அம்மா. கேட்டேன். (இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்.) வறுத்த உருளைக்கிழங்கும் கொஞ்சம் விஸ்கியும் என்று பதில் வந்தது. படைத்ததை வீணாக்கக் கூடாது என்று அந்த இலையை அப்பாதான் காலி செய்கிறார். எங்கள் தாத்தா செத்த தேதி அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் பொங்கல் முடிந்த மறுநாளே காலண்டரைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

"ஆரி ஐயாவுக்கு வருசத்துக்கு ஒரு வாட்டின்றது ரொம்பக் கம்மி. மாசா மாசம் அமாவாச வருதே!"