டாக்டர் ஓட்டின வண்டி

இனிமேல் எவன் வண்டியிலும் பின்சீட்டில் உட்காருவதில்லை என்று கண்ணாடிக்காரர் சபதம் எடுத்தார். சபதம் எடுத்தபோது அவர் உட்கார்ந்திருந்தது சகலையின் வண்டியில், பின்சீட்டில்.

அதுவும் நடுவில். இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் மைத்துனி, மடியில் யார் வீட்டுக்கோ பரிசாகப் போகிற மிக்சி. கண்ணாடிக்காரர் நெடுநெடுவென்று வளர்ந்த மனுஷர். சகலையின் வண்டியோ புத்தம் புதுசு, தீப்பெட்டி அளவு. அவருடைய முழங்கால்கள் இரண்டும் காதுப்பக்கம் வந்து குசலம் விசாரித்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, காலைக் கொஞ்சம் மடக்கிக்கங்க. கியர் போட முடியல" என்றார் சகலை.

"இதுக்கு மேல மடக்கணும்னா கழட்டித்தான் வைக்கணும், தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது போகட்டும், அவள் சிரித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துச் சோதித்து, சொந்தப் பெயர் மறைந்து கண்ணாடிக்காரர் ஆகிவிட்டார். மனைவி வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு நடத்துகிறாள். தெருவுக்கு அவள் டீச்சரம்மா. பயம் வரும்போது அவருக்கும் டீச்சரம்மாதான்.

இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. அவர் ஓட்டுவார். அவள் பின்னால் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்துக்கொள்வாள். அந்தக் கைக்குத் தனி மொழியே உண்டு. அழுத்தினால் மெதுவாகப் போ. தட்டினால் நூல்கடை வந்துவிட்டது, நிறுத்து. கிள்ளினால், அந்தப் பக்கம் என்ன பார்வை வேண்டியிருக்கு? இத்தனை வருஷத்தில் ஸ்கூட்டர் மேல் அவர்கள் ஒரு சண்டை போட்டதில்லை. அந்த அருமை அப்போது அவருக்குத் தெரியவில்லை. கிட்டத்தில் இருப்பது தெரியாத கண்ணுக்கு ஊரெல்லாம் கண்ணாடி விற்கிறவர் அவர்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பெரிய வண்டி. நீளமாக, அகலமாக. காலை நீட்டிக்கொண்டு அவர் ஓட்ட, பக்கத்தில் அவள் மகாராணி மாதிரி உட்கார வேண்டும். அவரைப் பார்த்துச் சிரித்த வாய், "அடேங்கப்பா" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும்.

புது வண்டி வாங்க வக்கில்லை. பழைய வண்டித் தரகர் ஒருவரிடம் போனார். அவர் மூச்சு விடுவதற்கு முன்னால்கூட 'சத்தியமா' என்று ஒரு தடவை சொல்லிக்கொள்கிற ஆள். அதனால் அவருக்குப் பெயரே சத்தியம்.

"சத்தியமா சொல்றேன் சார், ஒரே கை மாறின வண்டி. டாக்டர் ஓட்டினது."

"டாக்டரா?"

"சத்தியமா டாக்டர். பூப்போல வச்சிருந்தார்."

கருநீலத்தில் கப்பல் மாதிரி நின்றது வண்டி. கண்ணாடிக்காரர் ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டினார். இன்னும் நீட்டினார். கால் எங்கேயும் இடிக்கவில்லை. கதவைச் சாத்தினார். 'தப்' என்று ஒரு சத்தம், பெரிய மனுஷன் தலையணையில் தலை வைப்பதைப்போல. அத்தோடு அவர் கதை முடிந்தது. ஸ்கூட்டரையும் கையிருப்பையும் அங்கேயே கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெயர் மாற்றுகிற வேலை மெதுவாக நடக்கும் என்றார் சத்தியம். இவர் தலையாட்டினார்.

தெருமுனை திரும்பியபோதுதான் டீச்சரம்மாவின் ஞாபகம் வந்தது. அவள் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வாசலில் நின்றிருந்தாள்.

"யாருதுங்க இது?"

"இதுக்குப் பேரு செடான்."

"சேதாரம்னு காதுல விழுந்துச்சு. வாங்கிட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சண்டை, நாளைக்குச் சமாதானம் என்று போயிருக்கும். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும்.

"சேச்சே! உன்னைக் கேக்காம வாங்குவேனா? வெள்ளோட்டம். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கன்னு குடுத்திருக்காங்க. புடிச்சா வச்சுக்கலாம். புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

"நெஜமாவா?"

"சத்தியமா." தரகரிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி.

"ஸ்கூட்டர் எங்க?"

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்."

டீச்சரம்மா கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, வண்டியைத் தலை முதல் வால் வரை அளந்தாள். குறுக்கேயும் அளந்தாள். பிறகு வாசல் கேட்டை அளந்தாள்.

"ஆளு பெருசு. துணி பத்தாது" என்றாள்.

"துணியா?"

"தெருங்க."

"இப்பப் பத்தாது. நாளைக்குத் தெருவை அகலமாக்கினா? எதையும் தூரப்பார்வையோட பார்க்கணும்."

"தூரப்பார்வைக்குத்தானே நீங்க கண்ணாடி விக்கிறீங்க? நீங்களே ஒண்ணு எடுத்துப் போட்டுக்கங்க."

ஒரு வாரத்துக்குள் அவளை மயக்கிவிடலாம், அவளே 'வச்சுக்கலாம்' என்று சொல்லிவிடுவாள் என்பது கண்ணாடிக்காரரின் திட்டம். வண்டி அந்தத் திட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை.

கேட்டுக்குள் நுழையாததால் வண்டி தெருவில்தான் நின்றது. தெருவில் திருப்ப இடமில்லை. காலையில் முழுத் தெருவையும் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எதிர்வீட்டில் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர். வேலை முடிந்ததிலிருந்து விசில் ஊத வாய்ப்பில்லாமல் வாடிக்கிடந்தவர். வண்டியைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது.

"வரட்டும்... வரட்டும்... தாராளமா வரட்டும்..."

டமார்.

"ம், வந்துடுச்சு. ரைட்!"

பின்பக்கம் நசுங்கியதைக் கண்ணாடிக்காரர் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். அது துடைத்தால் போகிற நசுங்கல் இல்லை.

கடைக்கு முன்னால் நிறுத்தினால் கடையே மறைந்துபோனது. கண் தெரியவில்லை என்று வருகிறவர்கள், கடை தெரியவில்லை என்று திரும்பிப்போனார்கள். பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இது அசைந்தாலும் தின்றது, அசையாமல் நின்றாலும் எங்கேயோ ஒழுக விட்டது.

ஒரே ஒரு ஆறுதல், தெருநாய்கள். சகலையின் வண்டியைத் துரத்தித் துரத்திக் குரைக்கிற நாய்கள், இந்தக் கருநீல வண்டியைக் கண்டதும் வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு ஓடின. ஒரு நாய் சுவரேறிக் குதித்தது.

"பாத்தியா? நாய்க்குக்கூட மரியாதை தெரியுது."

"ஏங்க, டாக்டர் ஓட்டினதுன்னு சொன்னீங்களே, என்ன டாக்டர்?"

"டாக்டர்னா டாக்டர்தான். அதுல என்ன டாக்டர்?"

அவள் சீட்டிலிருந்து எதையோ விரலால் பிடித்து எடுத்தாள். ஊசி கோக்கிற கை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுருட்டையாக, வெள்ளையாக ஒரு முடி.

"டாக்டருக்கு வயசாயிருக்கும்" என்றார் கண்ணாடிக்காரர்.

மழை பெய்த அன்றைக்கு இன்னொன்று நடந்தது. மேலேயிருந்து டீச்சரம்மாவின் மடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கூடவே உள்ளே ஒரு வாசனை கிளம்பியது. பட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"என்னங்க இது?"

"பழசுன்னா அப்படி இப்படி இருக்கும். ஓட்டத்தானே வாங்... கொண்டுவந்தேன்?"

"ஓட்டைதான் கொண்டுவந்திருக்கீங்க. தெரியுது."

வாய் தவறியதை அவள் கவனிக்கவில்லை என்று அவர் மூச்சு விட்டார். பாவம்.

ஆனால் ஒரு நாள் சாயங்காலம் எல்லாம் சரியாக அமைந்தது. ஊருக்கு வெளியே அகலமான சாலை. மழை விட்டிருந்தது. வண்டி தெருவில் பட்ட அவமானமெல்லாம் மறந்து, தண்ணீரில் போகிற மாதிரி சத்தமில்லாமல் போனது. இவ்வளவு அழகாகப் போகிற ஒன்றைத்தான் இந்தத் தெருவில் போட்டு வதைத்தோமா என்று அவருக்கு அதன் மேல் இரக்கமே வந்தது. பக்கத்தில் டீச்சரம்மா காலை நீட்டினாள். தலையைச் சாய்த்தாள். நாளெல்லாம் மெஷினை மிதித்த கால். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

அவர் பேசாமல் ஓட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் திரும்ப வேண்டிய இடம் வந்தபோது தோள் தானாக ஒரு தட்டலுக்குக் காத்திருந்தது. தட்டவில்லை. அவள் வெகுதூரத்தில் இருந்தாள். நடுவில் கியர், அதற்கப்புறம் ஒரு ஆள் உட்காரலாம்போல இடம். எட்டிக் கையைப் பிடிக்கலாமா என்று பார்த்தார், எட்டவில்லை. இவ்வளவு இடம் எதற்கு வாங்கினோம் என்று முதல் தடவையாக மனசுக்குள் ஒரு முள் குத்தியது. திரும்புவதை மறந்து வெகுதூரம் போய்விட்டார்.

வாரம் முடிந்தது. அன்றைக்குக் கடைக்கு நடந்தே போயிருந்தார், கடை நாலு பேர் கண்ணில் படட்டும் என்று. இன்றைக்கு எப்படியும் பேச்சை எடுத்து, 'வச்சுக்கலாமா' என்று கேட்டுவிடுவது என ஒத்திகை பார்த்துக்கொண்டே சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்தார்.

வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் நாய்கள் நிம்மதியாகப் படுத்திருந்தன.

"வண்டி எங்க?" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார்.

டீச்சரம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். "திருப்பிக் குடுத்துட்டேன்."

"என்னது!"

"வெள்ளோட்டம்தானே? ஒரு வாரம் ஆச்சு. புடிக்கல. திருப்பிக் குடுத்துட்டேன். நீங்கதானே சொன்னீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்? கண்ணாடிக்காரர் குரலை இறக்கினார்.

"அவரு... ஒத்துக்கிட்டாரா?"

"முதல்ல மாட்டேன்னார். சத்தியமா முடியாதுன்னார். சரி, இது எந்த டாக்டர் ஓட்டின வண்டின்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டு வரேன்னேன். ஒத்துக்கிட்டு, அவரே வந்து ஓட்டிட்டுப் போனார்."

"எந்த டாக்டர்?"

"கால்நடை டாக்டர். ஆட்டையும் நாயையும் பின்சீட்டுல போட்டு, போற வழியெல்லாம் ஊசி போட்டிருக்கார். கால்நடை டாக்டர் வண்டியை வாங்கினா கால்நடையாத்தான் போகணும். இன்னிக்கு நடந்துதானே போனீங்க?"

கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாய்கள் காட்டிய மரியாதை அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

"அப்புறம், அவர் கொஞ்சம் பணம் குடுத்தார்" என்றாள். "நீங்க குடுத்ததாம். நான் யோசிச்சேன். வெள்ளோட்டத்துக்கு யாராவது பணம் குடுப்பாங்களா? அப்ப அது உங்க பணமா இருக்க முடியாது. சரி, என்கிட்டயே இருக்கட்டும்னு வாங்கி வச்சுட்டேன். வகுப்புக்கு ரெண்டு மெஷின் வேணும்."

"இதெல்லாம் உனக்கு எப்படி..."

"சத்தியத்தோட சம்சாரம் என்கிட்டத்தான் தையல் கத்துக்கிறா. நீங்க வண்டியைத் தெருவுக்குள்ள திருப்புறதுக்கு முன்னாடியே சேதி வந்துடுச்சு. அது இல்லாட்டியும் தெரியாதா? வந்த அன்னிக்கே உக்காந்து பழைய ஸ்டிக்கரெல்லாம் சுரண்டி, லென்ஸ் துடைக்கிற துணியால பாலிஷ் போட்டீங்களே. இரவல் சட்டைக்கு யாராவது பட்டன் தைப்பாங்களா?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமில்ல?"

கத்தரிக்கோல் நின்றது. "கேட்டிருக்கலாம். ஆனா இறங்கி அந்தக் கதவைச் சாத்தினப்போ உங்க மூஞ்சி இருந்ததே... சரி, ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். அன்னிக்கு ரோட்டுல நல்லாத் தூங்கினேங்க. அடேங்கப்பா, என்னா தூக்கம்!"

அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. வண்டி போன பிறகு வந்து சேர்ந்தது.

வெளியே பழக்கமான இருமல் சத்தம் கேட்டது. ஸ்கூட்டர்! டீச்சரம்மா எப்போது எழுந்து போனாள் என்று தெரியவில்லை. வாசலில் அதைக் கிளப்பிவிட்டு, முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"சத்தியத்தோட சம்சாரம் சொல்லிக் குடுத்தா. நான் அவளுக்கு ரவிக்கைக்குக் கை வெட்டச் சொல்லிக் குடுத்தேன்."

"எந்த வண்டியில கத்துக்கிட்ட?"

"சர்வீஸ்ல விட்டிருந்தீங்களே, இதுலதான். ஏறுங்க, நூல்கடை மூடிடுவான்."

எவன் வண்டியிலும் பின்சீட்டில் உட்காருவதில்லை என்று சபதம் செய்தவர், எண்ணெய்க் கறையை ஒரு தடவை பார்த்துவிட்டு, நீளமான காலைத் தூக்கிப் போட்டுப் பின்னால் ஏறினார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தயங்கித் தயங்கி அவள் தோளில் வைத்தார். அந்த மட்டில் ஒரு நிம்மதி. வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. எதிர்வீட்டில் விசில் கேட்டது. "ரைட், ரைட்!"

பயத்தில் தோளை அழுத்தினார். வேகம் கூடியது.

"மெதுவாப் போம்மா!"

"சும்மா வாங்க. இதுவும் வெள்ளோட்டம்தான். ஒரு வாரம் ஓட்டிப் பாக்கப் போறேன். புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுவேன்."

"எதை? ஸ்கூட்டரையா?"

"பின்னாடி உக்காந்திருக்கிறதை."