பாசிக்குப் பசி கூடாது

உலகில் கருணை எங்கே பிறந்தது என்று யாராவது கேட்டால், எங்கள் நுண்பாசி ஆய்வு நிலையத்தின் இரண்டாம் மாடியில் என்று தயங்காமல் சொல்வேன். நிர்வாக அலுவலர் என்ற முறையில் கோப்பு ஆதாரமும் என்னிடம் உண்டு.

அந்த மாடியில் ஓர் ஆய்வாளர் இருந்தார். ஒப்பந்த ஊழியர், வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். வந்த புதிதில் ஒழுங்காகத்தான் பாசி வளர்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, நாற்பது கண்ணாடிக் குடுவைகளுக்கும் உரத்தை நிறுத்தினார். போதாதென்று கண் கூசும் விளக்குகளைப் போட்டார். இப்படி வாட்டினால்தான் பாசி தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சிவப்புச் சத்தைச் சேர்த்து வைக்குமாம். அது மருந்துக்கு ஆகுமாம். அதை மதிப்பீட்டுக் குழுவிடம் காட்டினால் ஒப்பந்தம் நீளும். குடுவைகளும் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன.

குழு வருவதற்குப் பத்து நாள் முன்பு, இயக்குநர் முதல்முறையாக மாடியேறி வந்தார். பார்த்ததும் பதறிப்போனார்.

"கெட்டுப்போகல சார். இதுக்காகத்தான் பட்டினி போட்டேன்" என்றார் ஆய்வாளர்.

"பட்டினியா? நம்ம நிலையத்துலயா? வாசல் பலகையிலேயே 'பசுமை'ன்னு எழுதி வச்சிருக்கோம்மா."

"அப்போ குழுகிட்ட நான் எதைக் காட்டுறது?"

"ஆரோக்கியத்தைக் காட்டு."

நின்ற நிலையிலேயே 'பாசி நல்வாழ்வுக் குழு' அமைந்தது. செயலாளர் அடியேன். விளக்குகளைக் குறைத்தோம், ஜன்னலுக்குத் திரை போட்டோம், குடுவைக்குக் குடுவை உரம் ஊற்றினோம். ஒரே ஒரு நாள் கொடுங்கள், இருப்பதை வடிகட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று ஆய்வாளர் கெஞ்சினார். முறைப்படி விண்ணப்பிக்கச் சொன்னோம். விண்ணப்பம் இன்றும் பரிசீலனையில் இருக்கிறது.

பத்தாம் நாள் நாற்பது குடுவைகளும் பச்சைப்பசேல். வயிறு நிறைந்த பாசி சேமித்ததையெல்லாம் கரைத்துவிட்டது. வந்த மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் ஒவ்வொரு குடுவையாகப் பார்த்துவிட்டு, சிவப்பு எங்கே என்று கேட்டார். ஆய்வாளர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் தலைவரை ஓரமாக அழைத்துப்போனார். பக்கத்தில் நான்.

"இளகின மனசு சார் அவங்களுக்கு. பட்டினி போடுன்னா கேக்க மாட்டேங்கிறாங்க" என்றார், தழுதழுத்த குரலில்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

'பாசியைப் பட்டினி போடும் மன உறுதி இல்லாதவர். ஒப்பந்தம் நீட்டிக்கத் தேவையில்லை' என்று அறிக்கையில் ஏறியது. வாசகம் என்னுடையது. பட்டினி போடுவது எப்படி என்று எங்களுக்கா தெரியாது? அன்று மாலையே வேலை நீக்க உத்தரவை அவர் கையில் கொடுத்தோம்.