சிங்கத்துக்குப் போன சிமெண்டு

செஞ்சி,
பிலவங்க வருஷம், மாசி மாதம் (1968)

வந்தவாசியில் இருக்கும் மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் அப்பாண்டைநாத நயினார் அவர்கள் சமுகத்துக்கு, செஞ்சி மணிலாக்கொட்டை மண்டி சந்திரப்பிரபு நயினார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

அருகன் அருளால் இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று என் தகப்பனார் பழக்கிவிட்டுப் போனார், ஆகையால் எழுதிவிட்டேன். உண்மையில் இங்கே யாரும் சுகமாக இல்லை. தங்கள் தங்கை மருதேவி என்னோடு பேசுவதில்லை. தங்கள் மருமகள் நீலாஞ்சனா என்னைத் தவிர்த்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனைக்கும் காரணம் தாங்கள் தேடிப் பிடித்து அனுப்பிய மாப்பிள்ளைப் பையன் ஜினசேனன்தான். அந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். முழுவதும் படித்துவிட்டு, பையன் வீட்டாருக்குத் தாங்களே மரியாதையான வார்த்தையில் சொல்லிவிடவும்.

பையன் பம்பாய்ப் பக்கம் கட்டட இஞ்சினீயர், தங்கமான குணம், தலை நிமிர்ந்து பேச மாட்டான் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். தலை நிமிராத பையனா அவன்? வாசலில் கால் வைத்ததிலிருந்து அண்ணாந்தபடியேதான் இருந்தான். என் முகத்தைப் பார்த்து ஒரு கும்பிடு, அத்தோடு சரி, அதற்கப்புறம் உத்தரத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், விரலை மடக்கிச் சுவரில் அங்கங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டான். பலாப்பழம் வாங்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டேன். பெண்ணை அழைத்து வந்தார்கள். நீலாஞ்சனா காப்பித் தட்டோடு வந்து, தங்கள் தங்கை சொல்லிக்கொடுத்தபடி வாசற்படிச் சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் உடுத்தியிருந்த பட்டுப்புடவை காஞ்சிபுரத்தில் எடுத்தது என்பதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பையன் அவளைப் பார்த்தான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அவன் பார்த்தது அவளுக்குப் பின்னால் சுவரில் ஓடின விரிசலை. என் பெண்ணிடம் அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கொஞ்சம் தள்ளி நில்லுங்க." உலகத்தில் எந்தப் பெண்ணுக்காவது பெண் பார்க்க வந்தவன் இப்படிச் சொல்லியிருப்பானா? தட்டில் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது, இவன் விரிசலுக்குள் நகத்தை விட்டு மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்க்கிறான்.

சுவரில் விரிசல் இருப்பது எனக்குத் தெரியாதா? அது என் பாட்டனார் கருங்கல்லும் சேற்று மண்ணும் வைத்துக் கட்டின சுவர். அதற்கு மேல்தான் போன வருஷம் பெண் கல்யாணத்தை உத்தேசித்து மாடி எடுத்து, தெருப்பக்கம் போர்ட்டிகோ நீட்டி, அதன் கைப்பிடிச் சுவரில் இரண்டு பக்கமும் இரண்டு சிங்கம் வைத்தேன். சிமெண்டு பர்மிட்டுக்கு நான் தாலுகா ஆபீஸுக்கு நடந்த நடை தங்களுக்குத் தெரியும். அப்படி அலைந்து வாங்கின சிமெண்டில் பெரும்பங்கு சிங்கத்துக்குத்தான் போனது, அதை நான் மறைக்கவில்லை. தெருவில் போகிறவன் சிங்கத்தைப் பார்ப்பானா, சுவரைப் பார்ப்பானா? அந்தச் சிங்கங்களின் கம்பீரத்துக்குக் கோட்டைக் குரங்குகள்கூட எங்கள் வீட்டை விட்டு ஒதுங்கிப் போகின்றன. அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தப் பையன் மாடிக்கு ஏறிப் போய் சிங்கத்தின் கழுத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, கீழே இருக்கிற எங்கள் உறவுக்காரர் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "மேல கனம், கீழ சொத்தை. லேசா ஒரு நடுக்கம் வந்தா மொதல்ல வுழறது இந்தச் சிங்கந்தான் மாமா" என்றான்.

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, செஞ்சியில் என்றைக்கப்பா பூகம்பம் வந்தது என்று கேட்டேன். கேட்டது என் தப்பு. மாடியில் நின்றபடி அவன் ஒரு பிரசங்கமே செய்துவிட்டான். ஜப்பானில் நான்கு வருஷத்துக்கு முன் பெரிய பூகம்பம் வந்ததாம், செத்தவர்கள் சொற்பமாம். அங்கே அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று மணலில் அப்படியே சாய்ந்து படுத்துவிட்டது, மேலே துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் சுவர் வழியாகவே நடந்து இறங்கி வந்துவிட்டாளாம். மொராக்கோ என்றொரு தேசமாம், அங்கே அதற்கும் முன்னால் வந்தது இதைவிடச் சின்ன நடுக்கம்தானாம், ஆனால் ஊருக்கு நேர் கீழேயே வந்ததாலும், வீடுகள் எல்லாம் கல்லும் மண்ணுமாக இருந்ததாலும், ஜனங்கள் தூங்குகிற வேளையானதாலும் ஆயிரம் ஆயிரமாகப் போய்விட்டார்களாம். எனக்கு இதில்தான் வயிறு எரிந்தது. பூமி எல்லாருக்கும் பொது என்றால் சாவு மட்டும் ஏன் ஆளைப் பார்த்து வருகிறது, ஜப்பான்காரி துணியோடு இறங்கி வருவாள், மொராக்கோக்காரன் குடும்பத்தோடு புதைவானா, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அதற்கு அவன், "பூமி ஆடி யாரும் சாவறதில்ல மாமா. வூடு மேல வுழுந்துதான் சாவறாங்க. கட்டும்போது சிமெண்டு எங்க போவுதுன்றதுலதான் எல்லாம் இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சிங்கத்தைப் பார்த்தான். என் வீட்டுக்கு வந்து, என் மாடியில் நின்று, என் சிங்கத்தை அப்படிப் பார்த்தான்.

கோட்டை நிற்கவில்லையா, கல்யாண மகால் நிற்கவில்லையா, எத்தனை நவாப்பும் பிரெஞ்சுக்காரனும் பீரங்கி வைத்தும் நிற்கிறதே, அதுவும் கல்தானே என்று மடக்கினேன். அதெல்லாம் இழைத்துப் பொருத்தின கல்லாம், பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறதாம், தவிர அதற்குள் யாரும் குடியிருக்கவில்லை, விழுந்தாலும் வௌவாலுக்குத்தான் நஷ்டமாம். எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் குஞ்சம்மாள் என்கிற இட்டிலிக்காரி கீற்று வீட்டில் இருக்கிறாளே, அதைக் கையைக் காட்டி, அது நிற்கும், உங்கள் மாடிக்கு நான் பொறுப்பில்லை என்றான். குஞ்சம்மாள் அதைக் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கிற பார்வையே வேறு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன கார்த்திகைக் கடைசியில் பம்பாய்க்குத் தெற்கே கொய்னா அணைப் பக்கம் பூகம்பம் வந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அங்கே இடிந்த வீடுகளைப் பார்வையிட இவனையும் அனுப்பியிருந்தார்களாம். ஒரு கல் வீடு தரைமட்டமாகிக் கிடந்ததாம், பக்கத்தில் மூங்கில் தட்டி வீடு ஒன்று நின்றுகொண்டிருந்ததாம், அந்தத் தட்டி வீட்டுக்காரர்கள் வெறுங்கையால் கல்லை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். அதைக் கேட்டபோது எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்காகப் பெண் பார்க்கிற அன்றைக்கா அதைச் சொல்வது?

இதைவிடக் கொடுமை அதற்கப்புறம்தான் நடந்தது. இவன் மாடியில் சுற்றிய நேரத்தில் பொழுது போய்விட்டது. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, போளி, கதம்ப சாதம் என்று தங்கள் தங்கை விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்து செய்தவை, இலை போட்டுத் தயாராக இருக்கின்றன. பொழுது சாய்ந்தால் நம் ஜைனர் பல்லில் எதுவும் படாது என்பது தெரிந்ததுதானே. பையனின் தாயார் வெளியே வந்து பார்த்தார், ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியிருந்தது, அஸ்தமனம் ஆகிவிட்டது, இனிமேல் சாப்பிடுவதற்கில்லை என்று சொல்லிவிட்டார். மலைக்குப் பின்னால் போனால் அஸ்தமனமா? திருவண்ணாமலையில் இருக்கிறவன் அதே சூரியனை இன்னும் பார்த்துக்கொண்டுதானே இருப்பான் என்று வாதாடினேன். எனக்கு மருமகனாக வர இருந்தவனையே மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டேன். சூரியன் இன்னும் இறங்கவில்லைதான், ஆனாலும் அம்மா சொன்னால் சொன்னதுதான் என்றான். ஜப்பான் வரைக்கும் பேசுகிறவனுக்கு அங்கே மட்டும் வாய் அடைத்துவிட்டது. சம்பந்தி வீட்டார் வெறும் வயிற்றோடு கடைசி பஸ் ஏறினார்கள். அத்தனை இலையும் குஞ்சம்மாள் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போனது. பெண் பார்க்க வந்தவர்களைப் பட்டினி போட்டு அனுப்பிய வீடு என்று மேல்சித்தாமூர் மடம் வரைக்கும் பேச்சாகிவிட்டது.

போகும்போதாவது சும்மா போனானா? பையிலிருந்து சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே சிமெண்டு வைத்து ஒட்டினான். நீலாஞ்சனாவிடம், "தெனமும் இத ஒரு தடவ பாருங்க. ஒடைஞ்சா சுவரு நகருதுன்னு அர்த்தம். ஒடனே எல்லாரையும் வெளிய கூட்டிக்கினு போயிடணும்" என்றான். பூ வைத்துவிட்டுப் போவார்கள், பழம் கொடுத்துவிட்டுப் போவார்கள், இவன் கண்ணாடி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவளும் பூசை செய்வதுபோல் காலையும் மாலையும் போய் அதைப் பார்க்கிறாள். போர்ட்டிகோவுக்கு நேர் கீழே கிடந்த பெஞ்சியைப் பின்கட்டுக்குக் கொண்டு போய்விட்டாள். அதன் பக்கத்தில் கிடந்த என் சாய்வு நாற்காலியிலும் கை வைத்தாள், வைக்காதே என்றேன். சந்தேகத்துக்கு மாடி கட்டின மேஸ்திரி தாண்டவராயனைக் கூப்பிட்டு, ஏனப்பா, பூகம்பம் வந்தால் தாங்குமா என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "பூகம்பத்துக்குன்னு நீங்க சொல்லலியே நைனாரே. பொண்ணு கல்யாணத்துக்குன்னுதானே நான் கட்டினேன்" என்றான். இந்த ஒருவனாவது நியாயமாகப் பேசினானே என்று அனுப்பிவிட்டேன்.

ஆகவே, வீட்டைக் குறை சொன்னவனுக்கு இந்த வீட்டுப் பெண் இல்லை. நீலாஞ்சனாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்று மருதேவி சொல்கிறாள், அதற்காக என் மானத்தை விட்டுக்கொடுக்க முடியாது. செஞ்சியில் பூகம்பம் வரப்போவதில்லை, சிங்கம் விழப்போவதில்லை, நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்போவதும் இல்லை. வேறு நல்ல இடமாக, மண்டி வைத்திருக்கிற பையனாக, சுவர் பக்கமே திரும்பாதவனாகப் பார்க்கவும். தங்கள் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். அருகன் அருளால் தங்கள் வீட்டில் எல்லாம் நிலைத்து நிற்கட்டும்.

இப்படிக்கு,
சந்திரப்பிரபு நயினார்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, மை காய ஊதிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து நீலாஞ்சனா, "நைனா, கண்ணாடி ஒடைஞ்சிட்டுது. கொஞ்சம் தள்ளி வா" என்றாள். இவளும் அவனைப் போலவே பேச ஆரம்பித்துவிட்டாளா என்று ஆத்திரம் வந்து, திட்டுவதற்காகக் கடிதமும் கையுமாக எழுந்து உள்ளே போனேன். பூகம்பம் வரவில்லை என்பதைத் தங்களுக்கு உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். சமையலறையில் ஒரு கிண்ணம்கூட ஆடவில்லை, கிணற்றில் தண்ணீர் அசையவில்லை. வந்தது ஒரு குரங்கு. கோட்டைப் பக்கமிருந்து வந்து வலது கைப் பக்கச் சிங்கத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்தது, அவ்வளவுதான். சிங்கமும் கைப்பிடிச் சுவரும் போர்ட்டிகோவில் பாதியும் என் சாய்வு நாற்காலியின் மேல் வந்து இறங்கின. நாற்காலி இப்போது விறகாக இருக்கிறது. குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீலாஞ்சனா எங்கள் எல்லாரையும் பின்கட்டு வழியாகக் குஞ்சம்மாளின் கீற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள், மிச்சத்தை இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இந்த வீட்டில் ஓர் ஓலைகூட நகரவில்லை. குஞ்சம்மாள் இட்டிலி வைத்தாள், பொழுது இன்னும் இருந்ததால் சாப்பிட்டேன். மருதேவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், பேச ஆரம்பித்துவிட்டாள். என் மகள் என்னைக் காப்பாற்றினாள் மைத்துனரே, அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அந்தப் பையன். தாண்டவராயன் வந்து பார்த்துவிட்டு, "கொரங்குக்குன்னும் நீங்க சொல்லலியே நைனாரே" என்றான். இம்முறை அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மேலே எழுதியதை அடித்தால் நல்ல காகிதம் வீணாகும், ஆகையால் அதைத் தாங்கள் படிக்கவில்லை என்று பாவிக்கவும். மாப்பிள்ளையை உடனே புறப்பட்டு வரச் சொல்லவும். காலை பஸ்ஸிலேயே அவர் தாயாரோடு வரட்டும், ராஜகிரிப் பக்கம் சூரியன் போகுமுன்பே முதலில் இலை, அப்புறம்தான் சுவர். கல்யாணத்தை வெட்டவெளியில் பந்தல் போட்டு நடத்திக்கொள்ளலாம். பந்தலை எப்படிக் கட்டுவது என்றும் அவரே சொல்லட்டும். வரும்போது கனமான கயிறு கொண்டு வரச் சொல்லவும், ஏனென்றால் இடது கைப் பக்கச் சிங்கம் இன்னும் மேலேதான் இருக்கிறது. கல்லெறிந்து விரட்ட நம் தர்மம் இடம் கொடுக்காது என்பது அந்தக் குரங்குக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. இப்போது அது அந்தச் சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஆகையால் அவசரம்.