இரண்டு ஃப்ரிட்ஜும் ஒரு கல்விக்கடனும்

அனுப்பர்பாளையம்,
வியாழக்கிழமை.

தாராபுரம் மச்சான் அருள்செல்வன் அவர்களுக்கு, உங்கள் தங்கை மருதாளைக் கட்டிய சாமியப்பன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் எருமைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மற்ற எதுவும் சரியாக இல்லை. இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் பால் சொசைட்டியில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கும்படி போடுவீர்கள். என் மூல வைத்தியம் பற்றிப் போன மாசம் நான் பேசி அனுப்பியது எங்கெங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஆகையால் காகிதம். தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் உங்கள் மருமகள் கீதாஞ்சலியின் காலேஜ் பணம். கோயமுத்தூரில் பிசியோதெரபி சீட் கிடைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். முதல் வருடத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம், வரும் திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். அவள் ஏன் அந்தப் படிப்பைக் கேட்டாள் என்று உங்களுக்குத் தெரியாது. பதினைந்து வருடம் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து உங்கள் தங்கைக்கு வலது தோள் மேலே ஏறுவதில்லை, தலை வாரக் கீதாவைத்தான் கூப்பிடுகிறாள். இதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று உங்கள் தங்கை என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், நீங்களும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம். பணம் கிடைக்காவிட்டால் என்னோடு பனியன் கம்பெனி செக்கிங் செக்‌ஷனுக்கு வந்துவிடுவதாகக் கீதா சாதாரணமாகச் சொல்கிறாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் வங்கிக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனுஷர், உட்காரச் சொல்லித்தான் இல்லை என்றார். மொக்கைச்சாமி என்று எங்கள் கம்பெனியில் ஒரு அயர்னிங் மாஸ்டர் இருந்தான், அவன் பைக் வாங்க நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன், அவன் பைக்கோடு மதுரைப் பக்கம் போய்விட்டான். அந்த வண்டியில் நான் ஒரு நாள் உட்கார்ந்தது கூட இல்லை, தவணை தவறியது மட்டும் கம்ப்யூட்டரில் என் பெயரில் இருக்கிறதாம். பிறகு ஊரெல்லாம் விசாரித்ததில் இரண்டு வழி கிடைத்தது. ஒன்று தனியார் நிதி நிறுவனம், வட்டி உண்டு, மாசா மாசம் கட்ட வேண்டும். இன்னொன்று ஒரு தர்ம அறக்கட்டளை, வட்டி கிடையாது, பிள்ளை படித்து வேலைக்குப் போன பிறகு திருப்பிக் கட்டினால் போதும். இரண்டிலும் எழுதிப் போட்டேன். இரண்டு பேரும் வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவோம் என்றார்கள். அறக்கட்டளை ஆள் செவ்வாய்க்கிழமை, நிதி நிறுவன ஆள் புதன்கிழமை.

ஆள் வந்து பார்ப்பது என்றால் எனக்குப் பயமில்லை மச்சான். இருபத்திரண்டு வருடமாகக் கம்பெனியில் ஆடிட் நடப்பதைப் பார்க்கிறவன் நான். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்காக ஆடிட் வருகிற அன்று முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும், நடைபாதையில் கிடக்கும் பனியன் மூட்டைகள் லாரியில் ஏறி ஊரைச் சுற்றிவிட்டு சாயங்காலம் திரும்பி வரும், யார் என்ன கேட்டால் என்ன சொல்வது என்று முந்தின நாளே பாடம் நடக்கும். பாடம் எடுப்பவன் நானேதான். அதே மாதிரி வீட்டிலும் திட்டம் போட்டேன். அறக்கட்டளை ஆளுக்கு ஒன்றும் இல்லாத குடும்பமாகத் தெரிய வேண்டும், நிதி நிறுவன ஆளுக்குக் கட்டக்கூடிய குடும்பமாகத் தெரிய வேண்டும். "உள்ளதச் சொன்னா என்னங்கப்பா?" என்று கீதா கேட்டாள். ஆடிட்டில் உள்ளதைச் சொன்ன கம்பெனி எது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

திங்கட்கிழமை மதியம் என் போனுக்குத் தெரியாத இரண்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. வேலை நேரத்தில் எங்கள் போனெல்லாம் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனிடம் இருக்கும். சாயங்காலம் பார்த்துவிட்டு நான் திருப்பிக் கூப்பிடவில்லை. ஒரு வருடமாக தினம் மூன்று பேர் கூப்பிட்டு லோன் வேண்டுமா சார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்தக் கூட்டம்தான் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதுவும் ஒரு விதத்தில் சரிதான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஃப்ரிட்ஜ், டிவி, நாற்காலி எல்லாவற்றையும் பக்கத்து ஊட்டு சபுரா பீவி அக்காவிடம் கொண்டுபோய் வைத்தோம். பத்து மணிக்கு ஒரு ஆள் பையோடு வாசலில் வந்து நின்றார். வந்தவரை வாசலில் நிறுத்தி நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்பது நம் வழக்கமா மச்சான்? "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று கூட்டிவந்து பாயில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அவர் சுற்றிப் பார்த்து, ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் தரையில் சதுரமாக வெளுத்திருப்பதைக் காட்டி, "இங்க என்னங்க இருந்துச்சு?" என்றார். "சாமி கும்பிடற எடமுங்க" என்று சொல்லிவிட்டேன். உங்கள் தங்கை நான் சொல்லிக்கொடுத்ததற்கு மேலே போய், "காப்பி போடலாம்னா தூளு இல்லீங்க, பாலும் இல்லீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாசம் எவ்வளவு கட்ட முடியும் என்று அவர் கேட்டார். "ஒரு பைசா முடியாதுங்க, எப்பவுமே முடியாதுங்க" என்று அடித்துச் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு தண்ணீரைக் கூடக் குடித்து முடிக்காமல் போனார். மனுஷர் உருகிவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். "வந்தவரு யாருன்னு கேட்டீங்களாப்பா?" என்றாள் கீதா. மரியாதை தெரியாமல் பேசாதே என்று அதட்டினேன்.

புதன்கிழமை எல்லாம் திரும்பி வந்தது. அவசரத்தில் தூக்கிவந்த பையன்கள் எங்கள் ஃப்ரிட்ஜோடு சபுரா அக்கா ஃப்ரிட்ஜையும் கொண்டுவந்துவிட்டார்கள், திருப்பி அனுப்ப நேரமில்லை. அக்கா தன் சோபாவையும் கொடுத்தார், அவர் வீட்டுக்காரர் பசீர் அகமது அண்ணன் தன் காரை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார். கோழிக் குழம்பு வைத்தோம். வந்தவர் கதர்ச் சட்டை போட்ட வயசாளி. வாங்க வாங்க என்று சோபாவில் உட்கார வைத்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இலை போட்டோம். "ரெண்டு ஃப்ரிட்ஜுங்களா?" என்றார். "ஒண்ணு தண்ணிக்கு மட்டுமுங்க" என்றேன். கார் யாருடையது என்றார். "இது சின்னதுங்க, பெருசு சர்வீஸுக்குப் போயிருக்குதுங்க" என்றேன். பெரியது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. "பணத்துக்குக் கவலையே இல்லீங்க, மாசம் இருவதாயிரம் கட்டச் சொன்னாலும் கட்டுவனுங்க." அவர் கை கழுவிவிட்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சந்தோஷமுங்க. எங்க அறக்கட்டளையில கஷ்டப்படற புள்ளைங்க நெறையப் பேரு காத்துட்டிருக்காங்க. உங்களாட்டம் வசதியானவங்க ஏதாச்சும் நன்கொடை குடுத்தா ஒரு புள்ள படிக்குமுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, செவ்வாய்க்கிழமை வந்தவர்தான் நிதி நிறுவன ஆள். வருகிற கிழமை மாறிவிட்டது என்று சொல்லத்தான் இரண்டு பேரும் திங்கட்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் பெரிய காரை சர்வீஸுக்கு அனுப்பியிருக்கிற மனுஷன் நன்கொடை இல்லை என்று எப்படிச் சொல்வான்? ஆயிரத்து ஒரு ரூபாய் கொடுத்தேன். ரசீது கொடுத்தார். சாயங்காலம் நிதி நிறுவனத்திலிருந்து மெசேஜ் வந்தது, திருப்பிக் கட்ட வாய்ப்பில்லாத குடும்பம் என்று எங்களை நிராகரித்துவிட்டார்கள். ஆக இந்த ஊரில் கடன் கொடுக்க முடியாத அளவு ஏழையும் நான்தான், உதவி தேவைப்படாத அளவு பணக்காரனும் நான்தான். ராத்திரி கீதா என்னைத் திட்டவில்லை. ரசீதை எடுத்துப் பத்திரமாக வைத்தாள்.

ஆகவே மச்சான், கல்யாணமான இருபது வருடத்தில் உங்கள் வீட்டில் நான் எதையும் கேட்டதில்லை என்பதை நீங்களே சொல்வீர்கள். இப்போது கேட்கிறேன். கீதா கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் என்று நீங்கள் சேர்த்து வைத்திருப்பதாக உங்கள் வீட்டு அக்கா ஒருமுறை சொன்னார். அந்தச் சீரை இப்போதே செய்ய முடியுமா? கல்யாணத்தன்று நீங்கள் வெறுங்கையோடு வந்தாலும் முதல் மாலை உங்களுக்குத்தான், ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை நெருங்குவதால் எழுதுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கொண்டத்துக்காளியாத்தா உங்கள் எல்லாரையும் குறைவில்லாமல் வைக்கட்டும். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
சாமியப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் கீதா உள்ளே வந்தாள். காலையில் தனியாகவே அறக்கட்டளை ஆபீசுக்குப் போயிருக்கிறாள். என் சம்பளச் சீட்டைக் காட்டி, சோபா யாருடையது, கார் யாருடையது, செவ்வாய்க்கிழமை ஃப்ரிட்ஜ் எங்கே இருந்தது என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாளாம். அந்தப் பெரியவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுக் கடனுக்குச் சரி சொல்லிவிட்டார். பணம் திங்கட்கிழமை நேராகக் காலேஜுக்குப் போகிறது. ஆகையால் சீர் பற்றி மேலே எழுதியது எல்லாம் ரத்து, அது கல்யாணத்துக்கே இருக்கட்டும், வெறுங்கையோடு வர வேண்டாம். நாலு பக்கத்தைக் கிழிக்க மனசில்லாமல் மதிய பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜாமீனுக்குக் கீதா தன் மாமன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். பெரியவர் சனிக்கிழமை உங்கள் ஊட்டைப் பார்க்க வருகிறார். எதையும் ஒளிக்க வேண்டாம், எதையும் இரவல் வாங்க வேண்டாம். வந்தவரை முதலில் யார் என்று கேட்டுவிடுங்கள், தண்ணீரை அப்புறம் கொடுக்கலாம்.

இன்னொன்று: என் ஆயிரத்து ஒரு ரூபாயைத் திருப்பித் தரும்படி கீதா ரசீதை நீட்டியிருக்கிறாள். அதை அன்றைக்கே பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் சேர்த்தாகிவிட்டது, அதிலிருந்துதான் உனக்கும் தருகிறோம் என்றாராம் பெரியவர். அப்படிப் பார்த்தால், மச்சான், என் மகள் காலேஜுக்கு முதல் பணம் கட்டியது நான்தான். இதை மட்டும் பால் சொசைட்டியில் சத்தமாகப் படிக்கலாம்.